வெடியுப்புக் காய்ச்சியவர் கண்ட ஊதா ஆவி

காயத்தில் தடவும் டிஞ்சரின் கரும்பழுப்பு நிறத்தையும், அது தரும் எரிச்சலையும் அறியாத இல்லம் அரிது. அம்மருந்தின் சாரமான அயோடின் என்னும் தனிமம், போருக்கு வெடியுப்புக் காய்ச்சிய கொட்டடியில் கண்டெடுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

நெப்போலியனின் போர்கள் ஐரோப்பாவை உலுக்கிய காலம் அது. 1777-இல் திஜோன் நகரில் பிறந்த பெர்னார் கூர்த்துவா, தந்தை வழியில் வெடியுப்புத் தொழில் செய்து வந்தார். அதற்கு வேண்டிய காரத்தைக் கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார். தாவரச் சாம்பலைக் குறிக்கும் ‘அல்கலீ’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் காரத்திற்குப் பெயராக நிலைபெற்றது என்பது இங்கு நினைவு கூரத்தக்கது. 1811-இல், உப்புகளைப் பிரித்தபின் எஞ்சிய நீரில் அவர் கந்தக அமிலத்தைச் சேர்த்தபோது, ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் உலோகம்போல் மின்னும் கரும்படிகங்களாக அது உறைந்தது.

ஆய்வைத் தொடரும் வசதி அவருக்கு இல்லை. படிகங்களைத் தேசோர்ம், க்ளெமான் என்னும் நண்பர்களிடம் ஒப்படைத்தார். 1813 நவம்பர் 29 அன்று செய்தி வெளியாயிற்று. பகை நாடான இங்கிலாந்திலிருந்து, நெப்போலியனின் அனுமதியுடன், ஹம்ப்ரி டேவி அப்போது பாரிசுக்கு வந்திருந்தார். அம்பேர் தந்த துணுக்குகளை அவர் ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக்கும் தனியே ஆராய்ந்தார். இஃது ஒரு தனிமமே என்று இருவரும் சில நாள் இடைவெளியில் முடிவு கண்டனர். முந்தியவர் யார் என்ற பூசல் எழுந்தது. ஆயினும் முதலில் கண்டவர் கூர்த்துவாவே என்பதை இருவரும் மறுக்கவில்லை. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று.

அயோடினின் அணு எண் 53. நீரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அடர்த்தி உடையது. சாதாரண வெப்பநிலையிலேயே மெல்ல ஆவியாகும். இதனால் அது உருகுவதே இல்லை என்று பலர் எண்ணுவர். உண்மையில் 114 டிகிரி செல்சியசு அளவில் உருகி, 184 டிகிரியில் கொதிக்கும். நீரில் மிகச் சிறிதளவே கரையும். பொட்டாசியம் அயோடைடு சேர்ந்தால் எளிதில் கரையும். ஆல்கஹாலில் பழுப்பு நிறம் தரும். மாவுச்சத்தைத் தொட்டால் கருநீலமாகும். குளோரினைவிட வினைத்திறன் குறைந்ததாதலால், அயோடைடு உப்புகளிலிருந்து குளோரின் அதனை வெளியேற்றிவிடும்.

1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே, முன்கழுத்துக் கழலைக்கு அயோடினை மருந்தாக்கினார். தைராய்டு சுரப்பியில் அயோடின் உண்டு என்பதை 1895-இல் பௌமான் கண்டார். 1922-இல் சுவிட்சர்லாந்தில் உணவு உப்புடன் அது கலக்கப்பட்டது. இந்தியாவில் 1962-இல் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. இன்று நம் அடுக்களை உப்பிலும் அது கலந்திருக்கிறது.

கூர்த்துவா என்ன ஆனார்? 1831-இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் அவருக்கு 6000 பிராங்கு பரிசளித்தது. அயோடின் தயாரித்து விற்கும் முயற்சியும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1838-இல் வறுமையிலேயே மறைந்தார். அவர் கண்ட பொருள் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலையும் அறிவையும் காத்து நிற்கிறது. உணவில் உப்பிடும் கைகளோ அவர் பெயரை அறியா.