ஷைலொக்கின் வன்மம்

மூவாயிரம் பொற்காசைக் கடனாகக் கொடுத்தவனுக்கு அதன் மும்மடங்கைத் தருவதாக மன்றத்தின் நடுவே கூறுகின்றனர். பணவெறியன் என்று உலகம் பழிக்கும் அம்மனிதன் அதனை ஏற்க மறுக்கிறான். அவன் வேண்டுவது அன்ரோனியோவின் உடலில் ஓர் இறாத்தல் தசை. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வர்த்தகன்' நாடகத்து ஷைலொக்கைப் பேராசையின் வடிவமாக மட்டுங் காண்போர் இம்மறுப்புக்கு விடை கூறல் இயலாது. அவனை இயக்கிய உணர்ச்சி யாது? அதனை அவன் நெஞ்சில் விதைத்தோர் யாவர்? நாடகத்தோடு வரலாற்றையும் ஒருங்கே நோக்கினாலன்றி இவ்வினாக்களுக்கு விடை கிட்டாது.

முதலாம் எட்வேர்ட் மன்னன் 1290இல் யூதரை இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினான். 1656 வரை அவர்கள் அங்கு வெளிப்படையாக வாழ இயலவில்லை. எனவே, 1600இல் அச்சேறிய இந்நாடகத்தை முதலிற் பார்த்தோருட் பெரும்பாலோர் யூதரைக் கதைகளினாலும் வசைமொழிகளினாலுமே அறிந்திருந்தனர். யூத மரபினரான றொட்றிகோ லோப்பஸ் என்னும் அரச மருத்துவர், அரசிக்கு நஞ்சூட்டச் சதிசெய்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1594இல் கொல்லப்பட்டமை அவ்வெறுப்பை மேலும் வளர்த்தது.

கதை நிகழும் வெனிஸின் நிலை என்ன? 1516இல் அக்குடியரசு யூதரைப் பழைய வார்ப்படசாலையிருந்த பகுதியொன்றில் ஒதுக்கியது. இரவில் வாயில்கள் அடைக்கப்பட்டன. காவலர்க்குரிய கூலியையும் யூதரே கொடுக்க வேண்டியிருந்தது. நிலம் வாங்கவோ கைவினைஞர் சங்கங்களிற் சேரவோ அவர்களுக்கு உரிமையில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்தல், பழந்துணி விற்றல் போன்ற சில தொழில்களே எஞ்சின. வட்டி வாங்குதல் பாவமெனத் திருச்சபை விதித்தது. ஆனால் நகருக்கோ கடன் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்ற ஒருவனை நிறுத்திவிட்டு, அத்தொழிலைச் செய்தமைக்காக அவனையே இகழ்ந்தனர்.

அன்ரோனியோ, ஷைலொக்கைப் பலர் முன்னிலையில் நாயென ஏசியவன். அவன் தாடியில் உமிழ்ந்தவன். அவனே கடன் கேட்டு வருகிறான். இனியும் உமிழ்வேன் என்றுங் கூறுகிறான். தசைப் பத்திரம் வேடிக்கை போலவே எழுதப்படுகிறது. பின்னர், மகள் ஜெசிக்கா கிறித்தவ இளைஞனொருவனோடு பொன்னையும் மணியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். மணமாகுமுன் லேயா தனக்களித்த மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்தாள் எனக் கேட்டு அவன் துடிக்கிறான். அன்ரோனியோவின் கப்பல் அழிந்த செய்தியும் அதே வேளையில், அதே நண்பன் வாயிலாக வருகிறது. நெடுநாள் அவமானமும் அன்றைய இழப்பும் ஒன்றுகூடிக் கொலைவெறியாக உறைகின்றன. அவன் புனிதனல்லன், காதில் அணிகளோடு மகள் தன் காலடியிற் பிணமாகக் கிடக்கலாகாதா என்று சபிப்பவனும் அவனே.

மன்றத்தில் அவன் எழுப்பும் வாதம் ஊன்றி நோக்கற்பாலது. நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளை விலங்குகள்போல் வேலை வாங்குகிறீர்கள். அவர்களை விடுவிக்கச் சொன்னால் எமது உடைமை என்பீர்கள். யான் விலை கொடுத்த தசையும் என் உடைமையன்றோ என்கிறான். இதற்கு அங்கு எவரும் நேரான மறுமொழி கூறுவதில்லை. போர்ஷியாவின் கருணைப் பேச்சை மாணவரைக் கொண்டு மனனஞ் செய்விக்கும் ஆசிரியர்கள் இவ்விடத்தையும் விளக்குதல் வேண்டும். கருணையைப் போற்றிய அதே மன்றம் அந்நியர்க்கெதிரான சட்டத்தை எடுத்து, அவன் செல்வத்தைப் பங்கிட்டு, மதம் மாறவும் பணிக்கிறது. தன்னை மிதித்தோரின் சட்டத்தையே ஆயுதமாக ஏந்தினான். அச்சட்டம் என்றும் அவர்களுடையதே என்பதை உணர்ந்தானல்லன். அவனது அவலம் இதுவே.

பிற்கால அரங்குகள் அவனைத் தத்தம் காலத்துக்கேற்பக் கண்டன. 1701இல் வெளிவந்த தழுவலொன்று அவனை நகைப்புப் பாத்திரமாக்கியது. 1741இல் சார்ள்ஸ் மக்ளின் அவனைக் கொடூரனாகவும், 1814இல் எட்மன்ட் கீன் உள்ளக் கொதிப்புடைய மனிதனாகவும் நடித்தனர். 1879இல் ஹென்றி இர்விங் அவனுக்குக் கண்ணியம் அளித்தார். ஆனால் 1943இல், வியன்னாவின் யூதருட் பெரும்பாலோர் துரத்தப்பட்டும் நாடுகடத்தப்பட்டும் போயிருந்த வேளையில், நாஸி ஆட்சியினர் அதே நாடகத்தை அந்நகரில் இனவெறுப்புக் கருவியாக மேடையேற்றினர்.

ஷைலொக்கின் கத்தியை எவரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயின், அவன் தீமையைப் பிறவிக்குணமென்றும் இனக்குணமென்றும் கற்பிப்போர் வியன்னா அரங்கின் பக்கமே நிற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.