குளத்தின் குடிகள்

ஓர் ஊரின் பெயரே சில வேளைகளில் அதன் வரலாற்றின் முதல் ஆவணமாக அமைந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் அத்தகைய ஊர். வற்றாத ஆறு எதுவும் இந்நிலத்தில் இல்லை. வெள்ளாறுகூட மழைக்காலத்தில்தான் ஆறாகத் தோற்றம் கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கி ஆண்டு முழுவதையும் கழிக்கவேண்டிய நெருக்கடியே இங்கே குளங்களை வெட்டச் செய்தது. மாவட்டத்தில் இன்று 5,000-க்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டை அரசை நிறுவியபோது, அவருடைய சகோதரர் நமணத் தொண்டைமான் குளத்தூரில் தனிக் கிளையாக ஆண்டார். பிற்காலத்தில் ஆலங்குடி, திருமயம் ஆகியவற்றோடு சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றாகக் குளத்தூர் விளங்கியது. நார்த்தாமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல் ஆகியவை அந்தப் பழைய வட்டத்திற்குள் அடங்கியவை. கொடும்பாளூரின் குளம் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியை விளக்கும் மறையோன், பாதைகள் பிரியும் இடத்திற்கு அக்குளத்தைத்தான் அடையாளமாகச் சொல்கிறான்.

இந்நிலத்தின் வரலாற்றை எழுதியோர் கோயில்களையும் கல்வெட்டுகளையும் அரசர்களையும் விரிவாகவே பதிவு செய்திருக்கின்றனர். குளத்தை வெட்டியவன் பெயரும் மடையமைத்தவன் பெயரும் கூட நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் அக்குளத்தில் குடியேறிய மற்ற உயிர்களுக்கு வரலாற்றில் இடமுண்டா என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால், சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்திலேயே விடை இருக்கிறது.

அங்குள்ள அர்த்தமண்டபத்தின் விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மொட்டும் மலருமாகத் தாமரைகள், விரிந்தும் மடிந்தும் கிடக்கும் இலைகள், அவற்றினிடையே மீன்கள், நீர்ப்பறவைகள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர் மூவர். தொடக்கத்தில் இவை மகேந்திரவர்மன் காலத்து ஓவியங்கள் எனக் கருதப்பட்டன. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (815-862) மதுரையாசிரியன் இளங்கௌதமன் இம்மண்டபத்தைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டுத் தருவதால், இன்று 9-ஆம் நூற்றாண்டே பெரிதும் ஏற்கப்படுகிறது. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் பவ்வியர்கள் வழியில் இறங்கும் தடாகம் இது என்பது சமண மரபு சார்ந்த விளக்கம்.

அவ்விளக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் சமவசரணத்தை வரைய முற்பட்ட ஓவியன், தேவருலகத்துத் தடாகத்திற்கு வேண்டிய உயிர்களைத் தன்னைச் சுற்றியிருந்த குளங்களிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று கருத இடமுண்டு. அதைவிடவும் முக்கியமானது, இவ்வோவியத்தில் மையம் என்று ஒன்றில்லை என்பது. பூப்பறிக்கும் மனிதன் எருமைக்கும் மீனுக்கும் நடுவே ஒருவனாக நிற்கிறானேயன்றி அக்குளத்தின் தலைவனாக நிற்கவில்லை. உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் வகுத்து, ஓரறிவுயிரையும் கொல்லாமை வேண்டும் என்ற சமயத்தின் பார்வை அது.

வாழிடத்தையும் அதன் உயிர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியல் விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு மக்களின் உணவையும் தொழிலையும் தெய்வத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. மேலைநாட்டு அறிவியலில் இக்கருத்துக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1877-ல். ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் மோபியஸ், கடலின் சிப்பித் திட்டுகளை ஆராய்ந்து, ஓரிடத்தில் ஒன்றையொன்று சார்ந்து வாழும் உயிர்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு குழுமம் என்றார். பத்தாண்டு கழித்து, 1887-ல், அமெரிக்கரான ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் ஏரியை ஒரு சிற்றுலகம் என வருணித்தார். ஒரு மீனைப் பற்றி அறிய விரும்புபவன் அந்த ஏரி முழுவதையும் அறிந்தாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஃபோர்ப்ஸ் கண்ட ஏரிகள் இயற்கையில் அமைந்தவை. குளத்தூர்ச் சீமையின் குளங்களோ மனிதர் கட்டியவை. ஆகவே இங்கு உயிர்க்குழுமத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கரை எழும்பிய பின்னரே மீனும் நாரையும் வந்தன. நீர் வெளியேறும் விதத்தையும் மனிதரே வகுத்தனர். இப்பகுதிக் குளங்களுக்குள் இரு கல்தூண்களோடு நிற்கும் குமிழித் தூம்புகளை இன்றும் காணலாம். மேலுள்ள நீரோடித் துளை தெளிந்த நீரையும், கீழுள்ள சேறோடித் துளை வண்டல் கலந்த நீரையும் வெளியேற்றும். கரை, மடை, கலிங்கு ஆகிய மூன்றும் எவ்வளவு நீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை முடிவு செய்தன. அம்முடிவே எந்த உயிர் எப்போது அங்கு வாழலாம் என்பதையும் வகுத்துவிட்டது.

குளத்தின் குடிகள் ஆழத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில் மூழ்கி இரை தேடுகின்றன. இலைக்கோழி நீண்ட விரல்களால் தாமரையிலை மீது நடக்கிறது. பவழக்காலி முழங்காலளவு நீரிலும், உள்ளான் வெறும் சேற்றிலும் மேய்கின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகு நத்தைக்கென்றே அமைந்தது. மடையோரத்தில் அசையாது நிற்கும் மடையானின் பெயரில் மடை என்னும் சொல்லையே கேட்கிறோம். எருமை நடக்கையில் கிளம்பும் பூச்சிகளை உண்ணிக்கொக்கு பிடித்துத் தின்கிறது. எருமைக்கு அதனால் இழப்பில்லை. ஒரே நீரில் இத்தனை உயிர்கள் பிழைப்பதற்கு, ஒவ்வொன்றும் வேறோர் ஆழத்தையோ, வேறோர் இரையையோ, வேறொரு பொழுதையோ பற்றிக்கொண்டிருப்பதே காரணம்.

பங்கீடு காலத்திலும் நிகழ்கிறது. மழையில் நிரம்பும் குளம் கோடையில் வற்றுகிறது. அதைக் குறையென்று நாம் நினைக்கலாம். உண்மையில் அதுவே இக்குழுமத்தின் ஒழுங்கு. நீர் இறங்க இறங்க மீன்கள் ஒதுங்கிச் சேர்வதால் பறவைகளுக்கு இரை எளிதாகிறது. வளிமண்டலக் காற்றைச் சுவாசிக்கவல்ல விராலும் தேளியும் ஈரச் சேற்றில் நாள்களைக் கடத்துகின்றன. வறண்ட தரையில் புல் முளைத்து ஆடுமாடுகள் மேய, அவற்றின் எரு அடுத்த ஆண்டு நீருக்கு உரமாகிறது. வண்டல் வண்டியேறி வயலுக்குப் போகிறது.

மனிதர் இவ்வொழுங்கில் பங்கேற்கும் நாள்தான் மீன்பிடித் திருவிழா. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வட்டாரங்களில் கோடைதோறும் நடைபெறுவது அது. ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றூர் மக்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் குளத்தில் இறங்குகிறார்கள். அதுவரை எவரும் இறங்கலாகாது என்ற கட்டுப்பாடு மீனுக்கு ஒரு பருவத்தையேனும் உறுதி செய்கிறது. பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஒன்றை நாம் மறைத்துவிடவும் கூடாது. பழைய ஊர்களில் நீரிலும் நிலத்திலும் எல்லாச் சாதியாருக்கும் சமபங்கு இருந்ததில்லை. நாரைக்கும் மடையானுக்கும் இடம் கொடுத்த குளக்கரை, எல்லா மனிதருக்கும் ஒரே படித்துறையைக் கொடுக்கவில்லை. மீட்கத்தக்கது குளத்தின் ஒழுங்கேயன்றி அந்தப் படிநிலையன்று.

அவ்வொழுங்கு எவ்வாறு குலைந்தது? மோபியஸ் உயிர்க்குழுமத்துக்குப் பெயரிட்ட அதே 1877-ஆம் ஆண்டில்தான் சீமைக்கருவேல் விதைகள் இந்தியாவில் ஊன்றப்பட்டதாக வனவியல் பதிவுகள் கூறுகின்றன. 1952-ல் ஜிலேபிக் கெண்டை நாட்டுக்குள் வந்தது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து விரைந்து பெருகும் அம்மீன், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1974-ல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் தைலமரத் தோட்டங்கள் இம்மாவட்டத்தில் பெரும்பரப்பில் நிற்கின்றன. உசிலையும் வீரையும் உலக்கைப்பாலையும் கலந்து நின்ற உலர் பசுமைக் காடுகளின் எச்சங்களைக் கோயில்காடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் வெட்டப்படும் வரப்புகளும் குழிகளும் குளத்துக்கு ஓடிவரவேண்டிய மழைநீரை மறிக்கின்றன என்பது இவ்வட்டார உழவர்களின் நெடுநாள் முறையீடு. நீர்வரத்து நின்றால் விதானத்துக் குளத்தின் ஒவ்வோர் உயிரும் ஒன்றன்பின் ஒன்றாக அழியும்.

குளங்களைச் சீரமைக்கும் முயற்சிகள் இப்போது நிகழாமல் இல்லை. 2017-ல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின் மாவட்டத்தின் கிழக்கு ஊர்களில் இளைஞர்களே பொருள் திரட்டித் தூர்வாரினர். அம்முயற்சிகளை நாம் மதிக்கிறோம். ஆயினும் குளத்தைத் தண்ணீர்த் தொட்டியாக மட்டும் கருதி, எந்திரத்தால் ஒரே ஆழத்திற்குச் செங்குத்தாகத் தோண்டும்போது, பவழக்காலிக்கும் உள்ளானுக்கும் வேண்டிய ஆழமற்ற விளிம்பு மறைந்துவிடுகிறது. வற்றாத பள்ளங்களில் ஜிலேபிக் கெண்டைக்கே வாழ்வு. சீமைக்கருவேலை அகற்ற வேண்டியதுதான். ஆனால் அதில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், மாற்று மரம் ஒன்றுமின்றி முழுவதையும் வேரோடு பெயர்த்தால், அகற்றப்படுவது மரம் மட்டுமன்று.

ஆகவே, கரை சரிவாக இருக்கட்டும். ஆழம் பலவாக இருக்கட்டும். நாட்டுக்கருவேலும் நீர்மருதும் கரையில் வளரட்டும். கோடையில் குளம் வற்றவும் இடமளிப்போம். வரத்துக்கால் வழியே நீர் வந்தால் மற்றவை தாமே வந்து சேரும். சித்தன்னவாசலில் நிறம் மங்கி உதிர்ந்துவரும் அந்த ஓவியத்தைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. அவ்வோவியன் பார்த்த குளத்தைக் காப்பதற்கு அக்குளத்தின் குடிகளுள் ஒருவராகிய நாம் மட்டுமே இருக்கிறோம்.