சோலார் டெக்னீஷியன் ஆக என்ன படிக்க வேண்டும்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று எங்கு பார்த்தாலும் மொட்டை மாடிகளில் சோலார் பேனல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துள்ளது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். இவற்றையெல்லாம் பொருத்த ஆள் வேண்டும். எனவே பத்தாவது முடித்த பிள்ளையை இந்தத் தொழிலில் சேர்க்கலாமா என்று மஹல்லாவில் பெற்றோர் கேட்பது இயல்பு.

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் "பத்து நாளில் சோலார் டெக்னீஷியன்" என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சியே 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம். அதுவும் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற பிரிவுகளை முடித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. மின்சாரம் தெரிந்தவருக்கு சோலாரைச் சொல்லித் தருவதுதான் அதன் முறை.

இதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் அதில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது டிசி. ஒரு பேனல் 40 வோல்ட் தரும் என்றால் பத்தைத் தொடராக இணைக்கும்போது 400 வோல்ட். அதில் பொறி பிடித்தால் அணையாமல் நின்று எரியும். வீட்டின் மெயினை நிறுத்தினாலும் வெயில் அடிக்கும் வரை பேனலில் மின்சாரம் இருக்கும். ஒரு இணைப்பு தளர்வாக இருந்தால்கூட அது சூடேறித் தீப்பிடிக்கலாம்.

அடுத்தது காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சென்னைக்குக் குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் காற்றுக்குத் தாங்கும்படி தாங்கியை அமைத்து, தளம் ஒழுகாமல் போல்ட் இறக்குவதற்கு அனுபவம் வேண்டும்.

எனவே என் ஆலோசனை, முதலில் அரசு ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்த்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் கிண்டியில் அரசு ஐடிஐ உள்ளது. பத்தாவது தேர்ச்சி போதும். கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன், மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். சோலார் டெக்னீஷியன் என்றே ஓராண்டு ஐடிஐ பிரிவும் உண்டு, ஆனால் எல்லா ஐடிஐயிலும் இல்லை. அது கிடைத்தாலும் நான் எலக்ட்ரீஷியனையே சொல்வேன். சோலார் வேலை குறைந்த மாதங்களில் வயரிங் வேலை கை கொடுக்கும்.

ஏற்கெனவே சில ஆண்டுகளாக வயரிங் வேலை பார்க்கும் இளைஞர்கள் படிப்பு இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்களுக்காகத் தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் மின் பணி நடக்க வேண்டும் என்பது சட்டம். சான்று இல்லாதவர் எவ்வளவு வேலை தெரிந்தாலும் பேனல் தூக்கும் ஹெல்பராகவே நின்றுவிடுவார். வளைகுடா வேலைக்குப் போக நினைப்பவர்களிடமும் முதலில் கேட்கப்படுவது இந்தச் சான்றுகள்தான்.

மாடி வேலை வெயிலில் நடப்பது. நோன்பு மாதத்தில் ஃபஜ்ர் முடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் மாடி வேலையை முடித்து, பிற்பகலில் இன்வெர்ட்டர் இணைப்பை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். வேலையில் சேரும் நாளில் பிள்ளையுடன் ஒருவர் கூடவே போய், இடுப்பில் மட்டுமல்லாமல் உடல் முழுவதும் மாட்டும் பாதுகாப்பு பெல்ட், தலைக்கவசம், மின்காப்புக் கையுறை தருகிறார்களா, விபத்துக் காப்பீடு யார் பெயரில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் கயிறு கட்டாமல் ஏறச் சொல்லும் இடத்தில், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.