மொழிபெயர்த்த வினாநிரலின் நம்பகத்தன்மை

மொழிபெயர்த்த வினாநிரலின் நம்பகத்தன்மை என்பது, ஒரு மொழியில் உருவான வினாநிரல் வேறு மொழிக்கு மாற்றப்பட்ட பின்னும் நிலையான மதிப்பெண்களைத் தருகிறதா என்பதைக் குறிக்கும்.

உடற்பயிற்சி ஊக்கத்தை அளக்கும் பிரெக்-2 என்னும் ஆங்கில வினாநிரலில் (மார்க்லாண்டு, டோபின், 2004) 19 கூற்றுகள் உள்ளன. பயிற்சியைத் தவறவிட்டால் தோன்றும் மன உறுத்தலை அவற்றுள் ஒன்று குறிக்கிறது. இதனைக் "குற்றம்" எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் திரியும். எனவே தமிழ் வடிவத்தை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்க, இரண்டும் ஒப்பிடப்படும்.

உள்ளிசைவு குரோன்பாக் ஆல்பாவால் (1951) அளக்கப்படுகிறது, 0.70 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பு பொதுவாக ஏற்கப்படும். சில வாரங்கள் கழித்து அதே நபர்களிடம் மீண்டும் வினவுவது மறுசோதனை முறையாகும்.

உலக சுகாதார அமைப்பு 1990களில் வாழ்க்கைத்தர வினாநிரலை உருவாக்கியபோது, சென்னை அதன் 15 மையங்களுள் ஒன்றாக இருந்தது.

தவறாகப் பெயர்த்த கூற்றுகளும் தம்முள் ஒத்துப்போகக்கூடும். ஆகவே ஏற்புடைமை தனியே ஆராயப்படல் வேண்டும்.