கரி வடக்கே போன கதை

வியாசர்பாடியில் எங்க ஆயா துணி காயப்போடுவதற்கு முன்னால் கொடிக் கயிற்றைத் துடைக்கும். துடைக்காவிட்டால் சட்டையில் கறுப்புக் கோடு விழும். ஒரு பக்கம் கரி இஞ்சின், ஒரு பக்கம் பேசின்பிரிட்ஜ் பவர் ஹவுஸ். "இன்னாத்துக்குடா இவ்ளோ கரி நம்ம பக்கமே வருது?" என்று கேட்கும். காத்து வாட்டம் அப்படி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையின் வரலாற்றைக் கோட்டையிலிருந்து எழுதுகிறார்கள். நாம் புகைபோக்கியிலிருந்து எழுத வேண்டும். 1878-இல் பெரம்பூரில் பக்கிங்காம் மில் வந்தது. துறைமுகம், ரயில், கால்வாய் எல்லாம் கிட்டத்தில். பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த நம் ஜனங்கள் மில்லைச் சுற்றியே குடிசை போட்டார்கள். மயிலாப்பூரில் சேரிக்காரனுக்கு யார் வீடு கொடுத்தது? 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எரிந்த பிறகும் நம் ஆட்கள் அந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. கூலி அங்கேதான் இருந்தது.

வெள்ளைக்காரன் போன பிறகும் வரைபடம் மாறவில்லை. மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1970-இல் அனல்மின் நிலையம். அத்திப்பட்டில் 1994-இல் இன்னொன்று. கொடுங்கையூரில் ஊர்க் குப்பை. கேட்டால், நிலம் மலிவு, கழிமுகத் தண்ணீர் இருக்கிறது என்பார்கள். நிலம் ஏன் மலிவு? அங்கே இருந்தவர்கள் மீனவர்கள், உப்பளக் கூலிகள், நம் ஆட்கள். புறம்போக்கு என்று எழுதிவிட்டால் கேட்க நாதியில்லை. மின்சாரம் நகரத்துக்குப் போனது, சாம்பல் செப்பாக்கத்துக்கு வந்தது. வேலையாவது கிடைத்ததா? எங்க தெருப் பையன்களுக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் கூலிதான்.

2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசம். மணலிக்கு 76.32.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு சுற்றுவட்டாரத்தைக் கெடுக்கிறது என்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்றம் இருப்பதும் அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான். 2011-இல் உத்தரவு வந்தது. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. பழைய இடத்து ஜனங்கள் மூச்சு விட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரி குறையவில்லை, இடம்தான் மாறியது. எண்ணூர்க்காரர்களுக்கு நுரையீரல் இல்லையா?

எண்ணூரின் பழைய மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. மூச்சுமுட்டல் முடியவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

இப்போது ஆயாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். காத்து வாட்டம் வருஷத்துக்கு நாலு தரம் மாறும். கரி வந்து இறங்கும் இடம் நூறு வருஷமாக மாறவில்லை. மாசை அளக்க வருகிறவர்கள் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், என்ன கூலி, பட்டா உண்டா, என்ன சாதி என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகட்டும்.