பருவ இடைக்கால வலிமைப் பயிற்சி

பருவ இடைக்கால வலிமைப் பயிற்சி என்பது, போட்டிகள் இல்லாத மாதங்களில் தசை வலிமையைப் பெருக்கவும் காயங்களைக் குறைக்கவும் விளையாட்டு வீரர்கள் மேற்கொள்ளும் திட்டமிட்ட உடற்பயிற்சி ஆகும். கபடி, கோ-கோ, கையுந்து பந்து, தடகளம் எனப் பலவற்றில் பங்கேற்கும் பள்ளி மாணவருக்கு, ஒரு விளையாட்டின் ஓய்வுக்காலம் மற்றொன்றின் போட்டிக்காலமாகிவிடுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற இடங்களில், உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் பழங்குடி மாணவர்களிடையே இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது.

காலம்

தமிழ்நாட்டில் கல்வியாண்டு சூன் மாதம் தொடங்குகிறது. குறுவட்ட அளவில் தொடங்கும் பள்ளிப் போட்டிகள் மாவட்ட, மாநில அளவுகளுக்கு நகர்கின்றன. குடியரசு நாள், பாரதியார் நாள் ஆகியவற்றின் பெயர்களில் இவை நடத்தப்படுகின்றன. அதன் பின்னர் ஆண்டுத் தேர்வுகள். எனவே உண்மையான இடைக்காலமாக எஞ்சுவது கோடை விடுமுறை மட்டுமே. தொடக்கநிலைப் பயிற்சியாளர் ஒருவரின் வலிமை தெளிவாக உயர ஏறத்தாழ 8 வாரங்கள் தேவை என்பதால், பயிற்சியைப் பள்ளி திறந்த பின்னும் சில வாரங்கள் தொடர வேண்டியுள்ளது. போட்டிகள் தொடங்கியபின் அதை முற்றிலும் நிறுத்தினால் பெற்ற வலிமை படிப்படியாகக் குறையும். வாரத்திற்கு ஓரிரு முறை செய்தாலே அதைப் பெரிதும் காக்கலாம்.

வளரிளம் பருவத்தினருக்கான அளவு

எடை தூக்கினால் உயரம் வளராது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. முறையான கண்காணிப்பில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளுக்கு ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் தவறான நுட்பம், மிகையான எடை, கண்காணிப்பின்மை ஆகியவற்றால் நேர்கின்றன. அமெரிக்காவின் தேசிய வலிமை மற்றும் உடற்றகுதிச் சங்கம் 2009ஆம் ஆண்டு அறிக்கையில், வாரத்திற்கு 2 அல்லது 3 நாட்கள், அடுத்தடுத்த நாட்களாக அல்லாமல், 6 முதல் 15 முறை செய்யக்கூடிய எடையுடன் 1 முதல் 3 சுற்றுகள் எனப் பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், 5 முதல் 17 வயதினருக்கு வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்பாடுகளைக் கோருகிறது. பூப்படைவதற்கு முன் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் தகவமைப்பால்தான்; தசை திரளவில்லை என்பதற்காகப் பயிற்சி பயனற்றது என எண்ணலாகாது.

உள்ளூர் மரபு

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவை உடற்பயிற்சிக் கூடம் இல்லாத ஊருக்கும் பொருந்துவன. தண்டால் மார்பையும் தோளையும், பஸ்கி தொடையையும் வலுப்படுத்துகின்றன. தென் மாவட்டங்களில் பொங்கலின்போது தூக்கப்படும் இளவட்டக்கல் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது ஒருவரின் உச்ச வலிமையைச் சோதிப்பது, பயிற்சியன்று. வளரும் மாணவருக்கு அதை மாதிரியாகக் கொள்வது ஏற்றதல்ல.

கொல்லிமலைச் சூழல்

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ளது. உயர்மலைப் பயிற்சியின் பயன்களுக்கு இவ்வுயரம் போதாது. இங்கு பயன் தருவது சரிவுதான். மேட்டில் ஏறும் நடை இதயத்தையும் தொடைகளையும் உழைக்க வைக்கிறது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சுமை தாங்குவதால், பழகாதவருக்கு மறுநாள் வலி மிகும். ஆகாய கங்கை அருவிக்குச் செல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முதல் நாளிலேயே ஓடி இறங்கச் சொல்லும் பயிற்றுநர், அந்த வாரத்தையே வீணாக்கிவிடுவார்.

கோடையில் விடுதிகள் மூடப்பட்டு மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். மைதானம், உடற்கல்வி ஆசிரியர், விடுதி உணவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் விலகுகின்றன. ஆகவே இங்கு திட்டம் கருவிகளற்றதாகவும், ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கத்தக்கதாகவும் இருத்தல் நன்று. சில அசைவுகளே போதும்: பஸ்கி, தண்டால், ஒரு காலில் நிற்றல், இடுப்பை மடக்கி எழுதல், மென்மையாகக் குதித்திறங்குதல். இறுதியாகக் கூறியது மாணவியருக்கு இன்றியமையாதது. குதித்திறங்கும்போது முழங்கால்கள் உட்புறம் சாயாதபடி பழக்குவது முழங்கால் தசைநார்க் கிழிவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

வீட்டு வேலையும் சுமையே. விறகு, தண்ணீர், விளைச்சல் ஆகியவற்றைச் சுமந்த நாளில் அட்டையிலுள்ள பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உணவைப் பொறுத்தவரை, இம்மலையில் மரபாக விளையும் சாமையும் தினையும் ஆற்றலைத் தருகின்றன. தசை வளர்ச்சிக்கு அவற்றுடன் பருப்பு, முட்டை, நிலக்கடலை போன்றவை தேவை. போதிய உணவு கிடைக்காத மாணவருக்குப் பயிற்சியின் அளவைக் கூட்டுவது வலிமையைப் பெருக்காது. களைப்பையும் காயத்தையுமே கூட்டும்.