சிறு விமானங்களில் செயற்கைக்கோள் இடங்காட்டி: மதுரைச் சமவெளியை முன்வைத்து

செயற்கைக்கோள் இடங்காட்டி என்பது, ஒருவரோ ஓர் ஊர்தியோ இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைவில் உள்ளோருக்கு அறிவிக்கும் சிறு வானொலிக் கருவியாகும். செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை இயந்திர விமானங்களும், அவற்றிலும் எடை குறைந்த மைக்ரோலைட்டுகளும், சிறு ஹெலிகாப்டர்களும் தரையோடு கொண்டிருந்த வானொலித் தொடர்பை இழந்துவிட்ட நிலையில், அவற்றைத் தேடிச் செல்வோருக்கு இக்கருவி தொடக்கப்புள்ளி ஒன்றைத் தருகிறது. மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் பொறுத்தவரை, இதன் நம்பகத்தன்மை கருவியின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று. நிலவமைப்பு, விமானத்துள் கருவி வைக்கப்படும் இடம், இந்தியச் சட்டம், பெங்களூரிலும் சென்னையிலும் இயங்கும் மீட்பு அமைப்புகள் ஆகியவற்றையும் சார்ந்தது.

வகைகள்

இக்கருவிகள் இரு வகைப்படும். முதல் வகை, விமானிகள் டிராக்கர் என்று அழைக்கும் வணிகக் கருவியாகும். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைக் கட்டணச் சேவை ஒன்றின் வழியே அனுப்பிக்கொண்டேயிருப்பதால், பயணத்தின் தடம் முழுவதும் தரையில் பதிவாகிறது. குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும் ஸ்பாட் 2007-இலும், இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும் இன்ரீச் 2011-இலும் சந்தைக்கு வந்தன. குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள் தான் பெறும் அலையை அப்படியே தரைக்குத் திருப்பிவிடுவதால், அதன் பார்வைக்குள் தரைநிலையம் ஒன்று இருந்தாக வேண்டும். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 இரிடியம் செயற்கைக்கோள்களோ செய்தியைத் தமக்குள் கைமாற்றிக்கொள்வதால் அவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாம் வகை, ஆபத்து நேரும் வரை வாய் திறவாத அவசர அலைபரப்பியாகும். விமானத்தின் உடலோடு பொருத்தப்பட்டு, மோதலின் அதிர்ச்சியால் தானே இயங்கத் தொடங்குவது இ.எல்.டி. என்றும், ஆள் தம் உடலோடு வைத்திருந்து கையால் இயக்குவது பி.எல்.பி. என்றும் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன. இவ்விரண்டும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ 5 வாட் திறனுடன், 50 நொடிகளுக்கு ஒருமுறை அரை நொடி நீளும் அலைத்துடிப்பை வெளியிடுகின்றன. அத்துடிப்பில் கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண் அடங்கியிருக்கிறது.

வரலாறு

1971 டிசம்பர் 9 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், பார்வைத் தெளிவு குறைந்த வேளையில் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்தபோது, இன்றைய தேனி மாவட்டத்துச் சின்னமனூருக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர். பயணிகளில் 10 பேர் உயிர் தப்பினர். அந்நாளில் விண்ணிலிருந்து அவசர அலையைக் கேட்கும் அமைப்பு எதுவும் இல்லை. மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் இருவருடன் அலாஸ்காவில் காணாமற்போன செஸ்னா 310 விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை. மோதலைத் தாண்டிப் பிழைத்தவர்களும் கண்டுபிடிக்கப்படாமல் இறக்கக்கூடும் என்ற உணர்வு அக்காலத்தில் பல நாடுகளில் வலுத்தது.

இதன் விளைவாகக் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியவை 1979-இல் கோஸ்பாஸ்-சார்சாட் என்னும் கூட்டுத் திட்டத்தில் இணைந்தன. 1982 ஜூனில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதியில் விழுந்த சிறு விமானம் ஒன்றிலிருந்த மூவர் இதன் துணையால் மீட்கப்பட்டனர். அடையாளம் ஏதும் தாங்காத பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்தப்பட்டது. மீட்புக் குழு நெருங்கி வந்தபின் திசையறிவதற்கு மட்டும் அந்த அலை இன்றும் பயன்படுகிறது.

1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தியா இத்திட்டத்தின் தரைநிலையங்களைப் பெங்களூரிலும் லக்னோவிலும் நடத்திவருகிறது. இஸ்ரோவின் கீழ்ப் பெங்களூரில் இயங்கும் இந்தியப் பணிக் கட்டுப்பாட்டு மையம், பெறப்படும் அவசர அலைகளைப் பிரித்தறிந்து உரிய மீட்பு மையங்களுக்கு அனுப்புகிறது. இலங்கை, மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளும் இதன் சேவை எல்லைக்குள் அடங்கும்.

நிலவமைப்பும் வானமும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டிஷ் வான்படைக்காக அமைக்கப்பட்ட மதுரை விமான நிலையம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில், கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஓடுபாதையுடன் நகரின் தெற்கே அமைந்துள்ளது. வைகைப் படுகையின் கண்மாய்களும் வயல்களும் நெருங்கிய ஊர்களும் கொண்ட இச்சமவெளியில் விமானம் ஒன்று இறங்க நேர்ந்தால் அதைக் காண்போர் உண்டு. கைபேசித் தொடர்பும் உண்டு. எனவே இடங்காட்டியின் உண்மையான தேவை சமவெளியில் அல்லாமல் அதன் விளிம்புகளிலேயே எழுகிறது. வடக்கே 1000 மீட்டரைக் கடந்து நிற்கும் சிறுமலை, மேற்கே கொடைக்கானல், மேகமலை, வருசநாட்டு மலைகள், கிழக்கே பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் என, சிறு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தொலைவில் காடும் கடலும் உள்ளன.

விமானங்கள் பேசப் பயன்படுத்தும் மீயுயர் அதிர்வெண் வானொலி நேர்கோட்டில் செல்வது. 1000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல், தடையற்ற சமவெளியிலேயே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரைதான் தரைநிலையத்தை எட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் மலை குறுக்கிடும்போது அத்தொலைவும் குறைகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதே செயற்கைக்கோளின் பணி.

இப்பணியில் மதுரையின் அகலக்கோடு ஒரு வகையில் வாய்ப்பாகவும் மற்றொரு வகையில் குறையாகவும் அமைகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல் தீர்க்கரேகை 74, 82 பாகைகளில் நிலைநிறுத்தப்பட்ட இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்கள் 406 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கேட்கும் கருவியைத் தாங்கியவை; வட அகலக்கோடு 10 பாகைக்கருகில் உள்ள மதுரையிலிருந்து நோக்கினால் அவை அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 77 பாகையில், உச்சிக்கு அண்மையில் நிற்பதால், ஆழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்து எழும் அலையும் மலையால் மறைபடாமல் அவற்றை அடைகிறது. ஆனால் துருவங்களை ஒட்டிச் சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் துருவத்தருகே நெருங்கியும் நிலநடுக்கோட்டருகே விலகியும் செல்வதால், இரிடியத்தைச் சார்ந்த டிராக்கருக்கு இங்கே ஒரே நேரத்தில் தென்படும் செயற்கைக்கோள்கள் குறைவு. அவையும் சில வேளைகளில் அடிவானத்தருகே தாழ்ந்து நிற்கும். ஆகவே விமானத்தின் உலோகப் பகுதி வானத்தின் ஒரு பக்கத்தை மறைத்தால், இங்குச் செய்தி தாமதப்படும் வாய்ப்பு வடநாடுகளில் உள்ளதைவிட மிகுதி.

நம்பகமான பயன்பாடு

டிராக்கர் செம்மையாக இயங்குவதற்கு முதல் தேவை மறைப்பற்ற வானம். செஸ்னா 172-இல் இறக்கை தலைக்கு மேல் இருப்பதால், இருக்கையிலோ சட்டைப் பையிலோ வைக்கப்பட்ட கருவிக்கு மேல்வானம் மறைந்துவிடுகிறது. முன்கண்ணாடியின் அடியில் கருவிப்பலகையின் மேற்பரப்பில், ஆன்டெனா மேல்நோக்கி இருக்கும்படி வைப்பதே பொருத்தம். அங்கும் இரண்டு கட்டுப்பாடுகள் உள்ளன. காந்தத் திசைகாட்டிக்கு அருகில் கருவியை வைத்தால் திசைகாட்டி பிழையான அளவைக் காட்டக்கூடும். மேலும், டிராக்கர்கள் அலைபரப்பும் 1610 முதல் 1626.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கு அண்மையில் இருப்பதால், ஜி.பி.எஸ். ஆன்டெனாவை ஒட்டி வைக்கப்படும் கருவி அதன் பெறும் திறனைக் குறைக்கக்கூடும்.

வெப்பமும் கருதத்தக்கது. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 பாகை செல்சியஸ் அளவை எட்டும் வெயிலில், மூடிய விமானத்தின் கண்ணாடியடியில் வெப்பம் அதனினும் வெகுவாக உயர்கிறது. லித்தியம்-அயனி மின்கலங்களை ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் மின்னேற்றம் செய்வது பொதுவாகத் தவிர்க்கப்படுவதால், நிறுத்திவைத்த விமானத்தில் கருவியை விட்டுச்செல்லாமல், புறப்படும் முன் முழு மின்னேற்றத்துடன் கொண்டுசெல்வதே முறை.

செய்திகளுக்கு இடைப்பட்ட நேரம் தேடலின் அளவை நேரடியாகத் தீர்மானிக்கிறது. 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 10 நிமிடங்களில் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் சென்றுவிடும். கடைசிச் செய்தி வந்த இடத்தை மையமாகக் கொண்டு வரையப்படும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3000 சதுர கிலோமீட்டர், அதாவது மதுரை மாவட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு. இடைவெளி 2 நிமிடங்களாகச் சுருங்கினால் அப்பரப்பு 120 சதுர கிலோமீட்டராகக் குறைகிறது. நடைப்பயணிகளுக்கெனப் பல நிமிட இடைவெளியில் அமைக்கப்படும் கருவியை அப்படியே விமானத்தில் பயன்படுத்துவது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

தடத்தைத் தரையில் கவனிக்கும் ஒருவர் இல்லையேல் இவை யாவும் பயனற்றவை. கருவி பழுதாகி நின்றதா, விமானம் விழுந்ததா என்பதை நின்றுபோன தடம் தானாகச் சொல்வதில்லை. எனவே பறப்புத் திட்டத்தில் குறித்த நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடங்கள் கடந்தபின் யாரை அழைக்க வேண்டும் என்பது புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். விமானப் போக்குவரத்துச் சேவையும் இவ்வாறே, எதிர்பார்த்த தொடர்பு 30 நிமிடங்கள் கடந்தும் கிடைக்காதபோது ஐயநிலையை அறிவித்து, பின்னர் எச்சரிக்கை நிலை, இடர்நிலை எனப் படிப்படியாக நகர்கிறது.

சட்டநிலை

இந்தியாவில் உரிமம் இன்றிச் செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் டிராக்கர்களையும் வைத்திருப்பது தண்டனைக்குரியது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின் அடிப்படையில் எழுந்த இக்கட்டுப்பாடு, 2008 மும்பைத் தாக்குதலில் அத்தகைய தொலைபேசிகள் பயன்பட்டதற்குப் பின் மேலும் இறுகியது. அச்சட்டங்களின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம், 2023 இயற்றப்பட்டுள்ளது. இன்ரீச் போன்ற கருவிகளுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்துவைக்கப்பட்ட நிகழ்வுகளை அடுத்து, 2025 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இத்தடையைப் பயணிகளுக்கு அறிவிக்குமாறு விமான நிறுவனங்களைப் பணித்தது. இதனால் பிற நாடுகளின் சிறு விமானிகள் வழக்கமாகக் கொண்டுசெல்லும் டிராக்கர், மதுரையில் முன் அனுமதி பெற்றாலன்றிப் பயன்படுத்தத்தக்கதன்று. இங்கே நம்பிக்கையின் முதுகெலும்பாக அமைவது, பதிவு செய்யப்பட்ட 406 மெகாஹெர்ட்ஸ் கருவியே. அதன் அடையாள எண் இந்தியாவுக்குரிய 419 என்னும் குறியீட்டைத் தாங்கி, உரிமையாளரின் விவரங்களோடு பெங்களூர் மையத்தில் பதிவாகியிருந்தால், அலை கிடைத்த சில நிமிடங்களிலேயே அது யாருடைய விமானம் என்று தெரிந்துவிடும். பதிவில்லாக் கருவியின் அலை, விமானம் எது என்று அறியப்படாத எண்ணாகவே வந்துசேரும். மதுரை வான்வெளி சென்னைப் பறப்புத் தகவல் மண்டலத்துக்கு உட்பட்டதால், நிலத்தில் நேரும் விபத்தின் தகவல் சென்னையிலுள்ள வான்வழி மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும், கடலில் நேர்வது கடலோரக் காவல்படைக்கும் செல்கிறது.

வரம்புகள்

அவசர அலைபரப்பியும் தவறக்கூடியதே. மோதலில் ஆன்டெனாக் கம்பி முறிந்தாலோ, தீ பற்றினாலோ அலை வெளிப்படாது. 2007 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து சிறு விமானத்தில் புறப்பட்டுக் காணாமற்போன ஸ்டீவ் பாசெட்டின் விமானத்திலிருந்து எந்த அவசர அலையும் கிடைக்காததால், சிதைவுகள் ஓராண்டுக்குப் பின்னரே தென்பட்டன. கடல்நீரை 406 மெகாஹெர்ட்ஸ் அலை ஊடுருவுவதில்லை. 2015 ஜூன் 8 அன்று தமிழகக் கடலோரத்தில் மூவருடன் மறைந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், நீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவியின் துணையால்தான் மறு மாதம் கண்டறியப்பட்டது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு வங்காள விரிகுடாவில் மறைந்த ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகள் ஏறத்தாழ 3400 மீட்டர் ஆழத்தில் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களின் துணையால் 2024-இல்தான் அடையாளம் காணப்பட்டன.

இக்காரணத்தால் கடலையோ மலையையோ கடந்து பறப்போர், விமானத்தோடு பொருத்திய இ.எல்.டி.யை மட்டும் நம்பாமல், உயிர்காப்புச் சட்டையில் பி.எல்.பி. ஒன்றையும் இணைத்துக்கொள்வது பயனுடையது. விமானம் மூழ்கினாலும் நீரில் மிதப்பவரின் கையில் அது இருக்கும். இருப்பிடத்தைத் தானே கணித்தறியும் ஜி.பி.எஸ். கொண்ட கருவி ஏறத்தாழ 100 மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டும். அஃதில்லாத கருவியின் இடத்தை, நகரும் செயற்கைக்கோள் உணரும் அலைவெண் மாற்றமாகிய டாப்ளர் விளைவைக் கொண்டு சில கிலோமீட்டர் அளவிலேயே கணிக்க முடியும். உச்சியில் நிலைத்து நிற்கும் இன்சாட் அலையை உடனே கேட்டாலும், தான் நகராததால் இத்தகைய கணிப்பைச் செய்ய இயலாது. எனவே மதுரையில் வாங்கப்படும் கருவி ஜி.பி.எஸ். கொண்டதாக இருத்தல் இன்றியமையாதது. அப்போதுதான் இன்சாட் தரும் உடனடி எச்சரிக்கை, தேடிச் செல்வதற்குரிய முகவரியையும் சேர்த்தே தருகிறது.